விட்டுப்போன ஒரு பெயர்

“எழுதிக்கோ பாப்பா. பொம்பளைங்க விஷயத்துல தனக்கோடி ஐயா மாதிரி இன்னொருத்தரப் பாக்க முடியாது.”

துர்கா சொல்லச் சொல்ல மஹிரா வேகமாக எழுதிக்கொண்டாள். விருத்தாசலத்து மாலைப் பத்திரிகை ஒன்றில் அவள் நிருபராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கட்சித் தலைவர் தனக்கோடிக்கு மணிவிழா. மனைவியோடு மாலையும் கழுத்துமாக அவர் நிற்கும் படத்தைச் சுற்றி ஒரு முழுப் பக்கத்தைப் பாராட்டால் நிரப்ப வேண்டும்.

முன்னாள் பெண் கவுன்சிலர் ஒருவரிடம் நாலு வரி வாங்கி வரச் சொல்லியிருந்தார் ஆசிரியர். எந்தக் கவுன்சிலர் என்று சொல்லவில்லை. துர்காவைத் தேடி வந்தது மஹிராவின் சொந்த முடிவு.

துர்கா இப்போது செராமிக் கம்பெனியில் தினக்கூலி. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்து விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. வாய்க்கு மட்டும் மேடைப் பேச்சு மறக்கவில்லை.

“என் வார்டுல ரெண்டு தெருவுக்குத் தண்ணியே கெடையாது. அவருதான் போர் போட்டுக் குடுத்தாரு. கூட்டம் முடிய லேட்டாச்சின்னா லேடீஸு தனியா போவக் கூடாதும்பாரு. அவரு காருலயே வூட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து வுடுவாரு. அதையும் எழுதிக்கோ.”

“சூப்பர்க்கா. நாலு வரிக்கு மேலயே வந்துடுச்சு.”

“அப்ப நான் கேட்டது?”

பொம்மையைத் துடைத்த கை நின்றது. மஹிராவுக்கு அந்தக் கண்களைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

போன வாரம் ஆபீஸ் மேஜை டிராயரில் பிரிக்கப்படாத பதினோரு கடிதங்கள் அவள் கையில் அகப்பட்டன. எல்லாமே துர்கா எழுதியவை. எல்லாவற்றிலும் ஒரே விஷயம். ‘என்னைப் பற்றி நீங்கள் போட்ட செய்தியில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. நேரில் வந்து கேட்டால் சொல்கிறேன். தயவுசெய்து போடவும்.’

மஹிரா பழைய பேப்பர்களைத் தேடி எடுத்துப் படித்தாள். நான்கு வருடத்துக்கு முன், ‘பிரமுகருடன் லாட்ஜில் பெண் கவுன்சிலர்!’ என்று மூன்று நாள் முதல் பக்கத்தில் வந்திருந்தது. துர்காவின் படம், தெருவின் பெயர், கணவன் பார்க்கும் வேலை, மகள் படிக்கும் பள்ளிக்கூடம் என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. கூட இருந்த ஆணுக்கு மட்டும் பிரமுகர் என்ற ஒரே ஒரு சொல். அதற்குள் புகுந்துகொண்டவனுக்குக் கடைசி வரை வேர்க்கவே இல்லை.

“தப்பே பண்ணலன்னு நான் சொல்ல வரல பாப்பா,” என்றாள் துர்கா. “பண்ணேன். அவருக்கும் குடும்பம் இருக்குது, எனக்கும் இருந்துச்சு. ரூமுல ரெண்டு பேரு இருந்தோம். பேப்பருல ஒருத்திதான் இருந்தா.”

“இத்தன நாளா நீங்களே வெளியில சொல்லியிருக்கலாமேக்கா?”

“நான் சொன்னா கெட்டவ பழி போடறாம்பாங்க. நீங்க போட்டாத்தான் அது செய்தி.” துர்கா பஞ்சைப் பிழிந்தாள். “எம் பொண்ணு கம்மாபுரத்துல அவங்க அப்பா வூட்ல இருக்குது. ஒம்பதாவது படிக்குது. ஸ்கூலுல ஆளுக்கொரு பேரச் சொல்றாங்களாம். பாவம், அதுக்குக் கணக்கு எடுக்கற சாரு பேரக்கூட இழுத்துட்டாங்க. போன மாசம் போன் பண்ணி, ‘மொத்தம் எத்தன பேரும்மா?’ன்னு கேட்டுச்சு. அதோட சரி. நான் பண்ணா எடுக்கறதே இல்ல.”

துர்கா பொம்மையைக் கீழே வைத்தாள்.

“ஒரே ஒரு பேரு போடுங்க பாப்பா. மத்த பேரெல்லாம் அதோட ஓஞ்சிரும். எம் பொண்ணு என்னை மன்னிக்க வேணாம். மொகத்தப் பாத்துப் பேசினா போதும்.”

மஹிராவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு பெண்ணைத் தெருவில் இழுத்து விட மூன்று நாள் முதல் பக்கம் கிடைத்தது, அந்த ஆணின் பெயரைப் போட ஒரு வரிக்கு இடமில்லையா? தான் சம்பளம் வாங்கும் பத்திரிகையை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“யாரா இருந்தாலும் சரி, நான் விடறதா இல்லக்கா. ஞாயித்துக்கெழம பேப்பர்லயே வரும்.”

“ஒங்க எடிட்டரு போடுவாரா?”

“போடலன்னா நேரா தனக்கோடி சார்கிட்டயே போறேன். அவரு ஒரு வார்த்த சொன்னா எங்க எடிட்டர் தட்ட மாட்டாரு. பொம்பளைங்க விஷயத்துல அவர மாதிரி யாரும் இல்லன்னு நீங்களே சொன்னீங்களே.”

துர்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பஞ்சைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மஹிரா நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

“தைரியமா சொல்லுங்கக்கா. அந்த ஆளு பேரு என்னா?”

“புதுப் பக்கம் எதுக்கு பாப்பா? மொதப் பக்கம் பூரா எழுதி வெச்சிருக்கியே, அதே பேருதான்.”