கண்ணப்பனின் பாடு

கரும்பலகையில் இரண்டாவது வட்டத்தைப் போடும்போதே மாலதிக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

நேற்று நடத்திய பாடம்தான். இன்றைக்குத் திருப்புதல்.

முதல் வட்டத்துக்குள் புயல் என்று எழுதினாள். இரண்டாவதற்குள் ஆள் என்று எழுதினாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இடத்தைச் சாக்பீஸால் தேய்த்து வெள்ளையாக்கினாள். அதுதான் பேரிடர்.

ஆளில்லாத கடலில் எவ்வளவு பெரிய புயல் அடித்தாலும் அது வெறும் காற்று. அதன் வழியில் ஒரு ஆள் போய் நின்றால்தான் பேரிடர். எத்தனையோ வருஷமாக எட்டாம் வகுப்புக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதற்காகச் சென்னைக்குப் பயிற்சிக்குக்கூடப் போய் வந்தாள். ஒரு விசிலும் மஞ்சள் தொப்பியும் கொடுத்து அனுப்பினார்கள்.

சொல்லி என்ன. பிள்ளைகள் தலையாட்டுவார்கள், பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்குவார்கள். அப்பன்மார்கள் எச்சரிக்கை வந்த அன்றைக்கும் ஏரிக்குப் போவார்கள்.

வெளியே வானம் கருத்துக் கிடந்தது. ராத்திரி கரையைக் கடக்கும் என்கிறார்கள். நாளைக்கு லீவு என்று போனில் செய்தி வந்துவிட்டது.

மூன்றாவது பெஞ்சில் பவித்ரா உட்கார்ந்திருந்தாள். மாலதியின் கண் அங்கேதான் போய்ப் போய் வந்தது. இருவருக்கும் ஒரே தெரு. தெருவில் சித்தி என்று கூப்பிடுகிற பெண், பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் டீச்சர் என்பதைத் தவிர வேறு சொல்ல மாட்டாள். அவளுடைய அப்பா கண்ணப்பனுக்கு இன்றைக்குப் பாடு.

ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை கட்டிவிட முடியாது. இறால் விழும் இடங்களுக்கு வீட்டுக்கு வீடு முறை உண்டு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வந்த நாளை விட்டால் விட்டதுதான், அடுத்த முறை வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், காற்றும் மழையும் தண்ணீரைக் கலக்கிவிடுகிற அன்றைக்குத்தான் ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் இறால் குவியும்.

"கண்ணப்பண்ணனுக்கு மச்சம்டி. புயலன்னிக்குப் பார்த்து பாடு வுழுந்துக்குது" என்று நேற்று ராத்திரி சாப்பிடும்போது மாலதியின் புருஷன் மணிகண்டன் பெருமூச்சு விட்டான்.

மாலதிக்கு எரிச்சலாக வந்தது. அது ஆளைக் கொல்லுகிற நாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்துவது போதாதென்று வீட்டிலும் வகுப்பெடுக்க வேண்டுமா. தங்கள் வீட்டுப் பாடுதான் போன வாரமே முடிந்துவிட்டதே. குழம்பை ஊற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

இப்போது வகுப்பில் அந்தப் பெண்ணைத் திரும்பவும் பார்த்தாள். அப்பன் ஏரிக்குப் போகிற நாளில் பிள்ளைக்கு இந்த வட்டத்தைப் போட்டுக் காட்டுகிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஆனால் பவித்ரா சிரித்த முகமாகத்தான் இருந்தாள். பக்கத்திலிருந்த அர்ச்சனாவின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். மாலதிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடின. பவித்ரா மட்டும் மேசைக்கருகில் வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க நைனா இன்னிக்குப் போகல."

மாலதி டஸ்டரைக் கீழே வைத்தாள்.

நேற்று ராத்திரி அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில், தண்ணீரைத் தொட்டுத் தரையில் இந்த இரண்டு வட்டத்தையும் போட்டாளாம். டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னாளாம். கண்ணப்பன் முதலில் சிரித்தார். அப்புறம் வட்டம் காய்கிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் போகவில்லை என்று சொல்லிவிட்டார்.

மாலதிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு ஆள் கேட்டிருக்கிறார். அந்தச் சின்னக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். உடம்பிலிருந்த அலுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"பாடு போனா போவட்டும். நைனா இருக்காருல்ல" என்றாள்.

"பாடும் வீணாப் போவல டீச்சர். காலீல நைனா அத வேற ஆளுக்கு வுட்டுக் குடுத்துட்டாரு. மத்தியானமே படகு எடுத்துக்கினு போயாச்சு."

"யாரு?"

பள்ளிக்கூடத்துக்குள் நிற்கிறோம் என்பதைப் பவித்ரா முதல்முறையாக மறந்தாள்.

"நம்ம மணி சித்தப்பாதான், சித்தி. அதுவா வந்து கேட்டுச்சு."

மாலதி போனை எடுத்தாள். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. ஏரிக்குப் போகிற நாளில் மணிகண்டன் போனை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போவான்.

பவித்ரா இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நல்ல வார்த்தைக்காகத்தான் நின்றாள்.

"நல்ல பொண்ணு" என்றாள் மாலதி.

பொய்யில்லை. பிள்ளை, பாடத்தை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறது. டீச்சர்தான் சொல்லவில்லை.