சமையலறை ஜன்னல்

"கை தூக்கறப்போ எவனாவது பின்வாங்குனீங்க, அப்புறம் எங்கிட்ட பேச்சே கிடையாது" என்று அறை அறையாகப் போய் மிரட்டிவிட்டு வந்தான் எர்மெக்.

ஓஷ் நகரத்துப் பல்கலைக்கழக விடுதியே அமளிதுமளிப்பட்டது. மாணவர்களுக்குத் திருப்திதானா என்று நேரில் கேட்க தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து குழு வருகிறது. எர்மெக்குக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வார்டன் பூருல் அக்காவுக்கு எதிராக எல்லாரும் கை தூக்கி, அவள் தொலைய வேண்டும்.

இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவாள். அவனோ சந்தையில் லாரியிலிருந்து ஆப்பிள் இறக்கிப் படிக்கிறவன். வேலை முடியவே பதினொன்றாகும். கெஞ்சினான், பேரம் பேசினான், கத்தினான். 'மேலிடத்து உத்தரவு' என்பதோடு அவள் பேச்சு முடிந்துவிடும்.

அவனா விடுவான்? சமையலறை ஜன்னல் தாழ்ப்பாளை முறித்துப் போட்டான். தினமும் இருட்டில் ஒரு தள்ளு, ஒரு தாவல், உள்ளே. வெளியே ஏற வாகாக யாரோ ஆப்பிள் பெட்டி ஒன்றை வேறு போட்டிருந்தார்கள். வார்டனை ஏய்த்த பெருமை அவனுக்கு.

குழு வந்தது. தலைவி கறாரான அம்மாள். சமையலறையில் நின்றுவிட்டார்.

"ஜன்னல் ஏன் திறந்து கிடக்கு?"

"தாழ்ப்பாள் உடைஞ்சிருச்சுங்க" என்றாள் பூருல் அக்கா.

தலைவி தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தார். சிக்கென்று விழுந்தது. "புத்தம்புதுசா இருக்கு. இதைக்கூடப் போடாதவங்களுக்கு வேலை எதுக்கு?"

எர்மெக் எட்டிப் பார்த்தான். அவன் முறித்தது துருப்பிடித்த இரும்பு. இது பளபளக்கும் பித்தளை.

மாற்றியவள், ஒரு நாள்கூட அதைப் போடவில்லை.

பையன்கள் கை தூக்க அவன் கண்ணசைவுக்குக் காத்திருந்தார்கள். எர்மெக் முன்னால் வந்தான்.

"அக்கா மேல தப்பில்லைங்க. அவங்க தாழ் போட்டுருவாங்க, நான்தான் உள்ள ஆள் வச்சுத் திறந்துக்குவேன். எங்க குறை ஒண்ணுதான். வேலைக்குப் போற பசங்களுக்குப் பன்னிரண்டு வரைக்கும் கதவு திறந்திருக்கணும்."

தலைவி முறைத்தார். பதினொன்று என்றார். அவன் விடவில்லை. பதினொன்றரைக்குப் படிந்தது. விடுதியே விசிலடித்தது.

குழு நகர்ந்ததும் பூருல் அக்கா அவன் காதைப் பிடித்துத் திருகினாள்.

"பேரம் பேசற லட்சணமாடா இது? சனிக்கிழமை லாரி வந்தா நீ பன்னிரண்டு தாண்டித்தானே வருவ? பெட்டி அங்கயேதான் இருக்கும், போ."