காலிச் சாக்கு

"இந்த வாரமும் ஒண்ணும் இல்லியா?"

ஜெஸிமா தலையை ஆட்டினாள். கையிலிருந்த சாக்கு மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

"எங்க தெருவுல கெடைக்கலடி."

"பாகூர் கடைத்தெருவுல பிளாஸ்டிக் கெடைக்கலியா? பொய் சொல்றதுதான் சொல்ற, கொஞ்சம் நம்புற மேரி சொல்லு!"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கேட்ட சரண்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளியின் பசுமைப் படையில் அல்லி அணிக்கு அவள்தான் தலைவி.

செல்வகுமாரி டீச்சர் வைத்த போட்டி ரொம்ப எளிது. ஊரில் கிடக்கிற பிளாஸ்டிக்கைப் பொறுக்கி வர வேண்டும். எந்த அணியின் மூட்டை அதிக எடையோ, அந்த அணிக்கு ஊசுட்டேரியில் விடியற்காலைப் படகு சவாரி.

அந்தப் படகில் சரண்யா எப்போதோ ஏறிவிட்டாள். கணக்கு வகுப்பில் கரும்பலகை மெல்ல மெல்லத் தண்ணீராகும். பனி விலகும். நாரைகள் ஒவ்வொன்றாக எழும்பிப் பறக்கும். "ஏய் சரண்யா, எங்க இருக்க?" என்று டீச்சர் அதட்டினால்தான் கரைக்கு வந்து சேருவாள்.

நாளைக்குக் கடைசி எடை. தாமரை அணியின் மூட்டை ஒரு சுற்றுப் பெரியதாக இருந்தது. படகு கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது.

"நாளைக்கும் வெறுங்கையோட வந்தின்னா, அணிய வுட்டு ஒன் பேர எடுத்துருவேன்."

ஜெஸிமாவின் கண் கலங்கியது. சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

'சோம்பேறி! கடைத்தெருவில் குடியிருந்துகொண்டு குனிந்து பொறுக்க வலிக்கிறது இவளுக்கு.'

பள்ளி விட்டதும் சரண்யா வீட்டுக்குப் போகவில்லை. சாக்கை கேரியரில் வைத்துக்கொண்டு, ஜெஸிமாவின் தெருவுக்கே சைக்கிளை விட்டாள்.

சாயங்கால வெயில் தெரு முழுக்க மஞ்சளாகப் படுத்திருந்தது. ஏரிக்காற்று புழுதியை மட்டும் லேசாகக் கிளப்பிவிட்டுப் போனது. சாக்கடைத் தண்ணீர் அடைப்பில்லாமல் சலசலவென்று ஓடியது. ஒரு அம்மா தூக்குச் சட்டியில் மீன் வாங்கிப் போனாள். பூக்காரி மல்லியை வாழையிலையில் மடித்துக் கொடுத்தாள். தூக்கத்தில் வருகிற ஊர் மாதிரி இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் சரண்யா காலை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள்.

இன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தும் ஒரு டீ கவர்கூட அகப்படவில்லை.

'தாமரை அணிக்காரங்க முந்திக்கினாங்க. மொத்தமா வாரிக்கினு போயிட்டாங்க!'

அழுகை முட்டியது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. புதுக் கவரையே வாங்கி, கசக்கி, மண்ணில் ஒரு புரட்டுப் புரட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? தராசுக்கு எல்லாம் ஒன்றுதான்.

தெருமுனையில் மளிகைக் கடை. பாய் துவரம்பருப்பைத் தாளில் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், பிளாஸ்டிக் கவர் ஒரு கட்டு குடுங்க. நல்லா தடிமனா."

"அதெல்லாம் விக்கறதில்லம்மா. வுட்டு ரொம்ப நாளாச்சி."

"ஏன் பாய்?"

"எங்க, எம் பொண்ணு வுட்டாத்தானே!" பாய் சிரித்தார். "'அத்தா, நீ கவர் குடுத்தா நான் சோறு துன்ன மாட்டேன்'னு உக்காந்துக்கிச்சி. சொன்ன மேரியே பட்டினி கெடந்துச்சிம்மா. அப்பறம் இன்னா பண்றது? மத்த கடைக்கும் போயி கெஞ்சிச்சி. அவங்க அம்மா பொடவையெல்லாம் கிழிச்சி பை தெச்சி, வூடு வூடா குடுத்துட்டு வந்துச்சி. இப்ப இந்தத் தெருவுல எவனும் கவர்ல வாங்கறதில்ல."

சரண்யா சாக்கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஒங்க பொண்ணு பேரு..."

"ஜெஸிமா. அட, நீயும் அதே இஸ்கூல் யூனிஃபார்ம்தானே போட்டுருக்க!" பாயின் முகம் பூரித்துப் போனது. "இஸ்கூல்ல பிளாஸ்டிக்க ஒழிக்கப் போட்டியாமே? கேட்டா அது வாயத் தொறக்க மாட்டேங்குது. நீயாவது சொல்லும்மா, எம் பொண்ணுக்குத்தானே ஃபர்ஸ்ட் பிரைஸ்?"