தாழ்ப்பாள் போடாத அறை

ஷிப்டு மாறி மாறி வேலைக்குப் போகிறவர்கள் தங்கும் அறையில் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது. வல்லம் வடகால் ஊரில் இருந்த அறைக்குச் சக்திகுமார் குடிவந்த அன்று, அறைத்தோழன் இசக்கிபாண்டி அவனுக்குச் சொன்ன ஒரே சட்டம் அதுதான். அந்தச் சட்டத்தால்தான் போன வியாழக்கிழமை காலையில், நைட் ஷிப்டு முடிந்து வந்த சக்திகுமாரால் சட்டென்று உள்ளே போக முடிந்தது. இசக்கி கைநிறைய மாத்திரைகளை விழுங்கிவிட்டு மூச்சுத் திணறிக் கிடந்தான்.

ஐசியூவில் வென்டிலேட்டர் வைத்தார்கள். "இப்பத்திக்கு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணா" என்றாள் நர்ஸ் ஜாஸ்மின். பார்வையாளர் நேரம் மாலை நான்கு மணி.

பகலில் தூங்கும் சக்திகுமாரை மூன்றரைக்குக் கால் பெருவிரலைத் திருகி எழுப்புவது இசக்கியின் வழக்கம். வெள்ளிக்கிழமையும் மூன்றரைக்கு யாரோ திருகினார்கள். அறையில் யாருமில்லை. சனிக்கிழமை பயந்துபோய்த் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தான். அன்றும் திருகல் விழுந்தது. திங்கட்கிழமை வரை அப்படித்தான். அவனும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், அசையாமல் கிடந்தவனின் பெருவிரலைத் திருகி, "எந்திரில" என்றுவிட்டு வருவான்.

செவ்வாய்க்கிழமை யாரும் எழுப்பவில்லை. கண் விழித்தபோது மணி ஐந்தேகால். செருப்புகூடப் போடாமல் ஓடினான்.

ஜாஸ்மின் வாசலிலேயே சிரித்தாள். "மத்தியானமே முழிச்சுக்கினாருண்ணா. டியூப எடுத்தாச்சு. உங்களத்தான் கேட்டுக்கினே இருக்காரு."

இசக்கிக்குக் குரல் கம்மியிருந்தது. சக்திகுமாரின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டான்:

"ஏல மக்கா, தாழ்ப்பா போடாதன்னு ஒனக்கு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"