பந்தியில் கிடைத்த ஆள்

ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் மேனேஜர் ஆறு முறை அழைத்துவிட்டார். சபை அசன விருந்துப் பந்தியில் இலைமுன் உட்கார்ந்ததும் ஏழாவது முறை.

"தேடிட்டுத்தான் இருக்கேன் சார்" என்றாள் லிஷா.

அவளுடைய கம்பெனி, ஜெர்மன் தொழிற்சாலை ஒன்றுக்கு ஹெச்.ஆர். வேலை பார்த்துக் கொடுக்கிறது. ஸ்பெயின் கிளைக்குப் போகவேண்டிய ஜெர்மன் சுற்றறிக்கையை ஸ்பானிஷில் மாற்ற ஆள் வேண்டும். மொழிபெயர்ப்பு மெஷினில் போட்டுப் பார்க்கவே கூடாதென்று கண்டிப்பு. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஜெர்மன் படித்த நர்ஸ் வீட்டுக்கு ஒருத்தி உண்டு. ஸ்பானிஷ்தான் ஒருத்திக்கும் தெரியாது. இரண்டு வாரமாக லிஷாவுக்கு ஒழுங்காகச் சோறும் இல்லை, உறக்கமும் இல்லை.

"ஸ்பானிஷா? காட்டு மக்கா" என்றாள் பக்கத்து இலை ஜெஸ்மி. ஜெர்மனியில் நர்ஸ், கட்டியிருப்பது ஸ்பெயின்காரனை. லீவுக்கு வந்திருந்தாள்.

லிஷாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஃபோனை நீட்டினாள். படிக்கப் படிக்க ஜெஸ்மிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"எனக்கெங்க அக்கா ஜெர்மன்? அவசரம்னு மட்டும் தெரியும்."

"லீவு நாள்லயும், ஜோலி நேரம் கழிஞ்சும் ஆபீஸ்லருந்து ஜோலிக்காரங்களை யாரும் கூப்பிடப்படாதாம். கூப்பிட்டா நடவடிக்கை எடுப்பாங்களாக்கும்."

லிஷா ஆறிப்போன சோற்றைப் பார்த்தாள்.

"எங்களுக்கும் உண்டா அக்கா அது?"

பதில் தேடி ஜெஸ்மி கடைசிப் பக்கத்துக்குப் போவதற்குள் ஃபோன் அவள் கையிலேயே அடித்தது. பெயரைப் பார்த்தாள்; மேனேஜர், எட்டாவது முறை. லிஷாவிடம் நீட்டினாள்.