கோபம் வராத மனுஷன்

“அந்த வாய்க்குக் கிடைச்ச கூலி இது. வேற என்னத்தச் சொல்ல?”

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னாள் லோகாம்பாள். கட்டிலில் கிடந்தவள் அவளுடைய தம்பி பெண்டாட்டி நீலாயதாட்சி. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு நின்று நாலு நாள் ஆகிறது. காது மட்டும் நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“அத்தை, அம்மாவுக்குக் கேக்கும்” என்றாள் மகள் தாமரைச்செல்வி.

“கேக்கட்டுமே. ஊரையே கேக்க வச்சவதானே?”

அத்தை சொன்னதில் பொய் இல்லை என்றுதான் செல்விக்கும் பட்டது.

அவர்கள் ஊரான நெரவியில் அம்மாவின் வாய்க்குப் பயப்படாத வீடு கிடையாது. அப்பா வேலையில் இருந்தபோது அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. அம்மா காரைக்கால் ஆபீசுக்கே போய், அதிகாரியின் மேஜையைத் தட்டிக் கத்தினாள். அப்பா பின்னாலேயே ஓடி, “மன்னிச்சுக்குங்க சார், அவளுக்குக் கொஞ்சம் முன்கோபம்” என்று கும்பிட்டார். அடுத்த மாதமே ஆர்டர் வந்தது. அப்பாவின் பொறுமைக்குக் கிடைத்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

செல்வியின் கல்யாணத்தில் சம்பந்தி, அப்பாவை உட்காரச் சொல்லவில்லையாம். அதற்காக அம்மா பந்தியிலேயே சண்டைக்குப் போனாள். வெட்கத்தில் செல்வி ஒரு வருஷம் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது விழுந்ததும் அப்படித்தான். கடைமடையில் இருக்கும் அவர்கள் வயலுக்குத் தண்ணீர் வருவதே அபூர்வம். அதையும் பக்கத்து வயல் சுப்பையன் மடையை அடைத்து நிறுத்திவிட்டார். உச்சி வெயிலில் வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்த அம்மா, அப்படியே சேற்றில் சாய்ந்துவிட்டாள்.

“அப்பவும் உங்கப்பா குடையைப் பிடிச்சுக்கிட்டு, ‘போகட்டும் விடு நீலா’ன்னுதாம்மா சொல்லிக்கிட்டிருந்தாரு” என்று சுப்பையனே வந்து சொல்லிக் கண் கலங்கினார். “தங்கமான மனுஷன்.”

அப்பா சுவாமிநாதன் ஒருவரைக்கூடக் கடிந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

“கோபப்படறது கீழான புத்தி. நல்ல குடும்பத்துல பொறந்தவங்க மனசுல அது எழவே கூடாது” என்று சொல்லிச் சொல்லித்தான் செல்வியை வளர்த்தார். அவளும் அப்படியே இருக்கப் பழகினாள். புகுந்த வீட்டில் ஆறு வருஷமாக எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தினமும் தலைவலிக்கு மாத்திரை போடுகிறாள். தூக்கம் சரியாக வருவதில்லை. அப்பாவுக்கு மட்டும் இது எப்படி முடிகிறது என்று அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

நர்ஸ் கமர் நிஷா வந்து அம்மாவுக்கு பிரஷர் பார்த்தாள். “இன்னும் இறங்கலியே” என்றவள், கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். “நாலு நாளா நீங்களும் இங்கேயே கிடக்கறீங்க. கையைக் கொடுங்கய்யா, உங்களுக்கும் பாத்துடலாம்.”

பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள்.

“நூத்தி இருபதுக்கு எண்பது. இந்த வயசுல, இப்படி ஒரு நிலைமையில… மனசுல எதையுமே வச்சுக்க மாட்டீங்க போலிருக்கு.”

அப்பா அடக்கமாகச் சிரித்தார்.

“அதான் இவன்கிட்ட இருக்கிற குறை” என்றாள் லோகாம்பாள். “ரோஷம்னு ஒண்ணு இருந்திருந்தா, வந்த புதுசுலேயே பெண்டாட்டிய அடக்கி வச்சிருப்பான். ரோஷமில்லாதவனுக்கு வாக்கப்பட்டா, பொம்பளை இப்படித்தான் ஆடுவா.”

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தாள். செல்விக்கு முகம் சுண்டிப்போனது. அப்பாவின் முகத்தில் மட்டும் அதே சிரிப்பு.

“நீ பெரியவ. சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா” என்றார். “செல்வி, வெயில் ஏறிடுச்சு. அத்தையை பஸ் ஏத்தி விட்டுட்டு வாம்மா.”

அத்தையை அவள் ஊரான பூவத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது செல்விக்கு ஒரு நினைப்பு வந்தது. அம்மாவுக்குப் பேச்சு திரும்பாமலே போய்விட்டால், அப்பாவாவது மிச்ச காலத்தை நிம்மதியாகக் கழிப்பார். நினைத்த மாத்திரத்தில் அவளுக்கே உடம்பு கூசியது.

வார்டுக்குள் வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது. உள்ளே யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் சத்தம். யாரென்று முதலில் தெரியவில்லை. செல்வி திரையை ஓரமாக விலக்கினாள்.

அப்பாதான். அம்மாவின் முகத்தருகே குனிந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“கேட்டேல்ல நீலா? ரோஷமில்லாதவனாம் நான். ஒரு நர்சு எதிர்ல, பெத்த பொண்ணு எதிர்ல சொல்லிட்டுப் போறா அந்த அக்காக்காரி. அவளைச் சும்மா விடக்கூடாது.”

அம்மாவின் இடது கை கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தது. கோணிய வாயிலிருந்து என்னவோ சத்தம் வந்தது.

“அவசரமில்ல. பேச்சு வரட்டும்” என்று அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார் அப்பா. “வந்ததும் நேரா பூவத்துக்குப் போய்க் கேளு. நான் சொன்னேன்னு காட்டிக்காதே. எப்பவும் போல உனக்கே கோபம் வந்த மாதிரி கேளு.”