மிச்சமிருந்த தெரு

மேஜை மேல் விரித்திருந்த தொகுதி வரைபடத்தில் எம்.எல்.ஏ. கத்தியைக் குத்தினார். தேர்தல் எல்லையைத் திருத்த வந்த அதிகாரியின் மூக்கில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஓட்டுப் போடாத தெருவெல்லாம் பக்கத்துத் தொகுதிக்குப் போகணும். புரியுதா?"

"சரிங்க. மார்க்கெட் தெரு?"

"அங்க ரெண்டு பேரை வெட்டியிருக்கேன். ஒருத்தனும் போட மாட்டான். எடுத்துடு."

"ஸ்டேஷன் ரோடு?"

"கடைங்களையெல்லாம் கொளுத்தினோம். அதையும் எடு."

"மில் காலனி?"

பளாரென்று அறை விழுந்தது. "அவங்க தலைவனையே கொன்னவன்டா நான்! இதெல்லாமா கேப்ப?"

அதிகாரி கோடு போட்டார்.

"ஐயா, மிச்சம் உங்க தெரு ஒண்ணுதான். ஒரு தெருவுக்கு எம்.எல்.ஏ. கிடையாதுங்க. தொகுதியையே கலைச்சாகணும்."

எம்.எல்.ஏ. கத்தியைப் பிடுங்கி ஓங்கினார்.

வீங்கிய கன்னத்தோடு அவர் மனைவி வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தத் தெருவையும் எடுக்கச் சொல்லுங்க. நானும் உங்களுக்கு ஒரு தடவைகூடப் போட்டதில்லை."